பேரன் கேட்ட முறுக்கு ரொட்டி

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். குடியாத்தத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து, தெலுங்கு பேசும் அயலாரோடு ஒட்டி உறவாடி, வீட்டுக்குள் தமிழ் பேசி வாழ்ந்து வரும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோதும், 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோதும், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு எல்லைக்கோடு தங்களைக் கடந்து போவதைக் கண்ட குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

இப்பொழுது நம் மக்களின் முறை. செவிலியர் படிப்பு முடித்த பெண்களும் பொறியியல் கற்ற பிள்ளைகளும் ஜெர்மனிக்குப் புறப்பட்டுப் போகின்றனர். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு பற்றிய உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. 2024 அக்டோபரில், தொழில் தேர்ச்சி பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டொன்றுக்கு வழங்கும் விசாக்களின் எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. ஆகையால், இக்கட்டுரையில் யாம் கூறப்போகும் விஷயம் இன்று ஓரிரு வீடுகளுக்கு உரியதாயினும், நாளை இன்னும் பல வீடுகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

நம் மகள் ஸ்டுட்கார்ட் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவள் மகன் அங்கேயே பிறந்தவன், வயது ஏழு. அந்நாட்டுக் கோடை விடுமுறையில், ஆகஸ்டு மாதம், முதன்முறையாக மூன்று வாரம் தங்குவதற்குச் சித்தூருக்கு வந்தான். வந்த நாள் முதலாக அவன் சரியாக உண்ணவில்லை. இட்டிலியைத் தொட்டான், வைத்தான். தோசையின் ஓரத்தை மட்டும் கடித்தான். ஐந்தாம் நாள் இரவு தன் தாயிடம் சென்று, “எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்” என்றான். தமிழில்தான் சொன்னான். அவன் ‘ஆயா’ என்று அழைக்கும் நம் இல்லத்தரசியார் அடுக்களையில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டில் இருந்துகொண்டே பேரன் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறானே என்ற எண்ணம் அவரை அன்றிரவு உறங்கவிடவில்லை.

மறுநாள் காலை அவர் பேரனை அருகில் அமர்த்தி, “உன் பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் என்ன தின்பாய், கண்ணு?” என்று கேட்டார். அவன் உடனே, “பிரேட்சல்” என்றான். தன் இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காகக் கட்டி அதன் வடிவத்தையும் காட்டினான். ஆங்கிலம் வழியாக நாம் பிரெட்சல் என்று அறிந்த அதே ரொட்டிதான் அது.

பிரெட்சல் என்பது யாது?

தென்ஜெர்மனியில் காலை வேளையில் பேக்கரிகளின் முன் மக்கள் வரிசையாக நின்று வாங்கும் பண்டம் இது. மாவைக் கயிறு போல உருட்டி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, மூன்று துளைகள் அமையும்படி மடித்துச் சுடுவர். மேற்புறம் பளபளப்பான செம்பழுப்பு நிறம். உள்ளே வெண்மையான மெல்லிய ரொட்டி. மேலே பரல் உப்பு. கை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இதன் பெயர் தோன்றியது என்பர். பேரன் கையைக் கட்டிக் காட்டியது பொருத்தமே! 12-ஆம் நூற்றாண்டில் அல்சேஸ் பகுதிக் கன்னிமாடம் ஒன்றில் எழுதப்பட்ட ‘ஹோர்ட்டுஸ் டெலிசியாரும்’ என்னும் ஓவியச் சுவடியில், விருந்து மேசையின்மேல் இந்த ரொட்டி வரையப்பட்டிருந்தது. அச்சுவடி 1870-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் தீக்கிரையாயினும், அதன் படங்களை முன்னரே சிலர் பிரதி செய்து வைத்திருந்தமையால் நாம் இன்று அதனை அறிகிறோம்.

ஸ்டுட்கார்ட் நகரைச் சூழ்ந்த சுவேபிய நாட்டுப் பிரெட்சலுக்கும், மியூனிக் நகரைத் தலைநகராகக் கொண்ட பவேரிய நாட்டுப் பிரெட்சலுக்கும் வேறுபாடு உண்டு. சுவேபியர் கைப்பகுதியை மிக மெல்லியதாக, மொறுமொறுவென்று இருக்கும்படி செய்வர். வயிற்றுப் பகுதியைப் பருமனாக விட்டு, அதன் குறுக்கே கத்தியால் ஒரு கீறல் இடுவர். பவேரியரோ கைகளையும் சற்றுத் தடிமனாகவே விடுவர். பவேரியப் பிரெட்சலுக்கு 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. நம் மணப்பாறை முறுக்குக்கு அத்தகைய குறியீடு 2023-இல் கிடைத்ததை நேயர்கள் அறிவார்கள்.

சுவேபியர் கூறும் கதை ஒன்றும் உண்டு. மரண தண்டனை பெற்ற ரொட்டிக்காரன் ஒருவனிடம், “சூரியன் மூன்று முறை ஊடே தெரியும்படியான ரொட்டி ஒன்று சுட்டுத் தந்தால் உயிர் பிழைப்பாய்” என்று அந்நாட்டுப் பிரபு கூறினாராம். அவன் மூன்று துளை கொண்ட இந்த ரொட்டியைச் சுட்டு உயிர் பிழைத்தானாம். கதை மெய்யோ பொய்யோ, கேட்கும் குழந்தைகளுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

நிறத்தின் இரகசியம்

சாதாரண ரொட்டிக்கும் பிரெட்சலுக்கும் உள்ள பெரும் வேறுபாடு மாவில் இல்லை; சுடுவதற்கு முன் அதைக் காரநீரில் முக்கி எடுப்பதில் இருக்கிறது. ஜெர்மானியர் இந்நீரை ‘லாவ்கெ’ என்பர். நூறு பங்கு நீரில் 3 அல்லது 4 பங்கு காஸ்டிக் சோடா கலந்தது அது. 1839-இல் மியூனிக் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில், சர்க்கரை நீர் பூசுவதற்குப் பதிலாகப் பாத்திரம் துலக்க வைத்திருந்த காரநீரைத் தவறிப் பூசிவிட்டார்கள் என்றும், அதிலிருந்தே இப்பழக்கம் தோன்றியது என்றும் ஒரு கதை வழங்குகிறது.

மாவில் உள்ள புரதப் பொருள்களும் சர்க்கரைப் பொருள்களும் சூட்டில் ஒன்றுகூடும்போது பழுப்பு நிறமும் வாசனையும் உண்டாகின்றன. இதனை 1912-இல் விளக்கியவர் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. தோசை சிவப்பதிலும் இவ்வினையே நிகழ்கிறது. காரத்தன்மை இருக்குமாயின் இந்த வினை விரைந்து நடக்கும். அதனாலேயே பிரெட்சல் அவ்வளவு ஆழ்ந்த நிறம் கொள்கிறது. சுடும்போது மேலே உள்ள காரம் அடுப்பின் கரியமில வாயுவோடு சேர்ந்து தீங்கற்ற உப்பாக மாறிவிடுவதால், உண்பவர்களுக்கு ஊறு இல்லை.

இதைக் கேட்டதும் நம் இல்லத்தரசியார், “அப்பளத்துக்குக் காரம் போடுவது போலத்தானே!” என்றார். உண்மைதான். உளுந்து மாவில் அப்பளக்காரம் சேர்த்து இடித்த வீடுகள் நம்முடையவை. உவர்மண்ணின் காரத்தைக் கொண்டு துணி வெளுத்த சலவைத் தொழிலாளரும் நம் ஊர்களில் இருந்தனர். ஆகவே, காரம் நமக்குப் புதிதன்று.

ஓர் எச்சரிக்கை

ஆயினும் காஸ்டிக் சோடா வேறு, அப்பளக்காரம் வேறு. இதனை நேயர்கள் ஊன்றிக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். பிரெட்சல் செய்யும் செய்தியைக் கேள்வியுற்ற நம் உறவினர் பையன் ஒருவன், மிகுந்த உற்சாகத்தோடு சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டான். பார்வைக்கு அது கல்லுப்புப் போலவே இருந்தது. நம் பேரன் அதைக் கையில் எடுப்பதற்குள் அவன் தாய் பறித்துக்கொண்டாள். செவிலியாகிய அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. காஸ்டிக் சோடா தோலைச் சுடும். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும். குழந்தை விழுங்கினால் உணவுக்குழல் வெந்துபோகும். மேலும், அடைப்பு நீக்கும் சரக்கு உணவுக்கு ஏற்ற தூய்மை உடையதும் அன்று. ஜெர்மனியில் பேக்கரித் தொழிலாளர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, உணவுக்கென்றே தயாரித்த காரத்தைக் கையாள்கின்றனர். குழந்தைகள் உள்ள நம் வீடுகளில் அது வேண்டவே வேண்டாம். ஆப்பத்துக்கும் வடைக்கும் இடுகின்ற சோடா உப்பே போதும்.

செய்முறை

நம் வீட்டில் ஓவன் இல்லை. திருப்பதியில் இருக்கும் நம் தங்கை வீட்டில் சிறிய மின்சார ஓவன் உண்டு. ஆகவே எல்லோரும் பேருந்தேறி அங்கே சென்றோம். ஈஸ்ட்டும் அங்கேயே, கேக் செய்வதற்கான சாமான்கள் விற்கும் கடையில் கிடைத்தது.

எட்டுப் பிரெட்சலுக்கு வேண்டியவை: மைதா 500 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 5 கிராம், தூள் உப்பு 10 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம், குளிர்ந்த நீர் 270 மில்லி லிட்டர். முட்டை இதில் இல்லை. பவேரியாவில் சிலர் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. ஆகவே, அந்நாட்டுக்குச் செல்லும் சைவ உணவினர் கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பூரி மாவு போல இறுக்கமாகப் பிசைந்து, பத்து நிமிடம் நன்றாக அடித்துத் தேய்க்கவேண்டும். ஜெர்மானியச் சமையல் நூல்கள் மாவை ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லும். நம் ஊர் வெப்பத்தில் அரை மணி நேரத்திலேயே மாவு உப்பிவிடும். அதற்குமேல் விட்டால் புளிப்பேறித் தளர்ந்துவிடும். நீரைக் குளிர்ந்ததாகச் சேர்க்கச் சொன்னதும் இதன் பொருட்டே.

பிறகு மாவை எட்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம், அதாவது 50 அல்லது 55 செண்டிமீட்டர் வரும்படி உருட்டவேண்டும். நடுப்பகுதி பருமனாகவும் முனைகள் மெல்லியனவாகவும் இருக்கட்டும். உருளும்போது மாவு பின்வாங்கினால், ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் உருட்டுக. அதை வளைத்து, முனைகளை இருமுறை முறுக்கி, கீழே மடித்து வயிற்றின்மேல் அழுத்துக. கால் மணி நேரம் வெளியே வைத்து, பின்பு மூடாமல் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் மேலே தோல் போலக் காய்ந்து, கையாள எளிதாகும்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, 50 கிராம் சோடா உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கி வழியும். ஒவ்வொரு பிரெட்சலையும் அரை நிமிடம் இதில் மிதக்கவிட்டு, ஜல்லிக் கரண்டியால் எடுத்து நீரை வடியவிடுக. தட்டில் வெண்ணெய் தடவிய பட்டர் பேப்பரை விரித்து அதன்மேல் அடுக்கி, உடைத்த கல்லுப்பைத் தூவி, வயிற்றில் ஒரு கீறல் இட்டு, 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 12 முதல் 15 நிமிடம் வரை சுடவேண்டும்.

நாம் செய்த பிழைகள்

முதல் நாள் நாம் சுட்டவை வெளுத்த பன் போல இருந்தன. ஓவனை முன்கூட்டியே சூடேற்றாமல் தட்டை உள்ளே வைத்ததே காரணம். பேரன் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒரு துண்டு தின்றான். இரண்டாம் முறை செய்யத் தொடங்குகையில் தங்கையின் பழைய அலுமினியச் சட்டியில் சோடா நீரைக் கொதிக்கவைத்தோம். சட்டி நுரைத்துக் கறுத்துவிட்டது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தும் மறந்துபோனோம். எவர்சில்வர் பாத்திரத்தையே பயன்படுத்துக. அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டியதாயிற்று.

நிறம் இன்னும் ஆழ்ந்து வரவேண்டுமானால் ஒரு வழி உண்டு. உணவு விஞ்ஞானம் பற்றி எழுதுகின்ற ஹெரால்டு மெக்கீ என்ற அமெரிக்கர், 2010-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதனை விளக்கினார். சோடா உப்பை எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஏறத்தாழ 130 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தால், அதிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்து, அது காரம் மிகுந்த சோடியம் கார்பனேட்டாக மாறும். இப்படிச் சுட்ட சோடாவில் 100 கிராமை அரை லிட்டர் நீரில் கரைத்து, பிரெட்சலை மூன்று நான்கு நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிவிட்டுச் சுடலாம். இந்நீர் காஸ்டிக் சோடாவைப் போலக் கொடியதன்று. எனினும் தோலை எரிக்கும். கையுறை அணிந்து, பிள்ளைகளை அப்பால் நிறுத்திவிட்டுச் செய்க. துணி துவைக்கும் சோடாவைக் கடையில் வாங்கி இதற்குப் பயன்படுத்தலாகாது.

மூன்றாம் முறை இவ்வழியில் செய்தோம். ஓவனின் கண்ணாடிக் கதவு வழியாக நிறம் ஏறுவதைப் பேரன் தரையில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே எடுத்ததும், சூடு ஆறுவதற்குள் ஒன்றைப் பிய்த்துத் தின்றான். “ஆயா, உப்பு அதிகம்,” என்றான். பிறகு, “கை இன்னும் ஒல்லியாக இருக்கவேண்டும்,” என்றான். இவ்வாறு குறை சொல்லிக்கொண்டே இரண்டு பிரெட்சலைத் தின்று முடித்தான். நாம் அதைத் தங்கை வீட்டு மாங்காய்த் தொக்குடன் உண்டோம், மிகவும் பொருந்தியது.

கைமுறுக்கு

சித்தூருக்குத் திரும்பிய இரண்டாம் நாள், கோகுலாஷ்டமிக்காக இல்லத்தரசியார் கைமுறுக்குச் சுற்ற அமர்ந்தார். அரிசி மாவும் உளுத்தம் மாவும் வெண்ணெயும் கலந்த மாவை, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் முறுக்கி முறுக்கித் துணியின்மேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனார். பேரன் அருகில் வந்து வெகுநேரம் பார்த்தான். “இதற்கும் முறுக்கவேண்டுமா?” என்று கேட்டான். “முறுக்குவதால்தான் இதற்கு முறுக்கு என்று பெயர்,” என்றார் ஆயா. அவன் கை கழுவிவிட்டு வந்து அமர்ந்தான். அவன் சுற்றியவை வட்டமாக வரவில்லை, பலமுறை உடைந்தன. ஒன்றை மட்டும் மூன்று துளை வைத்துப் பிரெட்சல் போலச் செய்தான். அதுவும் எண்ணெயில் இறங்கி, பொரிந்து, மற்றவற்றோடு கண்ணனுக்கு நிவேதனம் ஆயிற்று. எஞ்சிய நாட்களில் அவன் இட்டிலியும் உண்டான். ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்ற பேச்சு மீண்டும் எழவில்லை.

இச்செய்தி இத்துடன் முடிந்திருந்தால் நாம் எழுத முனைந்திருக்கமாட்டோம். அக்டோபர் மாதம் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பையன் கைமுறுக்குக் கேட்கிறானாம். அவளுக்குச் சுற்றத் தெரியாது. படிப்பும் பரீட்சையும் பணியுமாக அவள் வளர்ந்த காலத்தில் நாம் அவளை அடுக்களைக்கு அழைக்கவில்லை. முறுக்கைக் கடையில் வாங்கிக்கொண்டோம். அன்றிரவு இல்லத்தரசியார் தொலைபேசியைச் சம்படத்தின்மேல் சாய்த்து வைத்து, இங்கே தாம் மாவைச் சுற்ற, அங்கே மகள் பார்த்துச் சுற்ற, ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. “கையை இறுக்காதே, அம்மா, மாவு தானாக வரும்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் கூடத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். பேரன் இடையிடையே தாயைத் திருத்திக்கொண்டிருந்தான்.

அயல்நாட்டிலிருந்து பேரக்குழந்தைகள் வரவிருக்கும் வீட்டார்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. அக்குழந்தைகள் அங்கே என்ன உண்கிறார்கள் என்பதை முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அதில் ஒன்றையேனும் உங்கள் கையால் செய்து பாருங்கள், தவறினாலும் குற்றமில்லை. பிறகு உங்கள் பண்டம் ஒன்றைச் செய்யும்போது அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அடுத்த ஆகஸ்டில் நம் பேரன் மீண்டும் வருகிறான். இம்முறை கையை ஒல்லியாக உருட்டவேண்டும் என்று ஆயா இப்போதே பழகி வருகிறார்.